சர்க்கரை மாத்திரையோடு சித்த மருந்து: நான்கு வழிகளில் எதை எடுப்பது?

பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு மறுவருடம் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியும் இங்கேதான் இருக்கிறது. இரண்டு இடத்துச் சீட்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு வருபவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு சீட்டை மட்டும் எடுத்து நீட்டுவார்கள். மாத்திரையை வாங்கிப் பணம் கொடுத்து முடித்ததும், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "தம்பி, இந்த ஷுகர் மாத்திரையோட ஆவாரம்பூ சூரணமும் சாப்பிடலாமா? இல்ல, ரெண்டுல ஒண்ண விட்டுரணுமா?"

இந்தக் கேள்விக்குக் கடையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: மாத்திரை மட்டும்; சித்த மருந்து மட்டும்; யாரிடமும் சொல்லாமல் இரண்டும்; இரு மருத்துவர்களுக்கும் தெரிந்து இரண்டும். நடைமுறையில் மிக அதிகம் பேர் இருப்பது மூன்றாவதில். நான்கிலும் ஆபத்தானது அதுதான் என்பது என் கருத்து.

முதலாம் வகை, அதாவது சிறுவயதிலேயே இன்சுலின் ஊசியில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அவர்கள் இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். எந்த மூலிகையும் அந்த இடத்தை நிரப்பாது. யாராவது நிரப்பும் என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மாத்திரை மட்டும்

மெட்ஃபார்மின்தான் இங்கே அடிப்படை. அதன் மூலமே ஒரு செடி என்பது பலருக்குத் தெரியாது. கலேகா என்ற ஐரோப்பியச் செடியைச் சர்க்கரை நோய் போன்ற குறிகளுக்கு அங்கே நாட்டு மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். அதில் இருந்த குவானிடின் வகைப் பொருளைப் பின்தொடர்ந்து போன ஆராய்ச்சியின் முடிவில், 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். செடியாக இருந்தபோது அதன் அளவும் நச்சும் யார் கையிலும் அடங்கவில்லை. மாத்திரையானபோது இரண்டும் அடங்கின.

மாத்திரையின் பெரிய பலம், அது நீண்ட காலம் கண்காணிக்கப்பட்ட மருந்து என்பது. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், உடல் எடை கூடிய நோயாளிகளுக்கு மெட்ஃபார்மின் கொடுத்தபோது, உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியவர்களைவிட மரணம் 36 சதவீதம் குறைந்தது. சர்க்கரை எண் குறைவது ஒன்று, ஆள் அதிக நாள் வாழ்வது வேறொன்று. இந்த மருந்துக்கு இரண்டாவதற்கும் சான்று இருக்கிறது. விலையும் மிகக் குறைவு. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது.

குறைகளும் உண்டு. ஆரம்பத்தில் வயிறு கலங்கும். பல வருடம் சாப்பிட்டால் சிலருக்கு பி12 குறையும், கால் மரத்துப்போவதை எல்லாம் சர்க்கரையின் தலையில் போட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் விடுவதுண்டு. வருடத்துக்கு ஒருமுறை பி12 பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு குறை மருந்தில் இல்லை, ஓபியில் இருக்கிறது. நூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் மருத்துவருக்கு உங்களோடு பேச இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். மலச்சிக்கல், பாத எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் சொல்லப்படாமலே வீட்டுக்குத் திரும்பும். சித்த மருத்துவரிடம் போகிறவர்களில் பாதிப்பேர் சர்க்கரைக்காகப் போவதில்லை, இந்தச் சொல்லப்படாதவற்றுக்காகத்தான் போகிறார்கள். அது நியாயமான காரணம்.

மாத்திரையும் சாப்பாடும் நடையும் சேர்ந்து மூன்று மாதச் சராசரியை, அதாவது ஹெச்பிஏ1சியை, மருத்துவர் சொன்ன இலக்குக்குள் வைத்திருந்தால், சர்க்கரைக்காகக் கூடுதலாக எதையும் சேர்க்கத் தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்த இலக்கு 7-க்குக் கீழே. வயதானவர்களுக்குச் சற்றுத் தளர்த்துவார்கள்.

சித்த மருந்து மட்டும்

இந்த வழிக்கு வருகிறவர்களைத் தள்ளிக்கொண்டு வருவது பெரும்பாலும் ஒரு பயம்: "மாத்திரை கிட்னியைக் கெடுத்துரும்." வாரத்துக்கு எத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள் என்று கணக்கே இல்லை. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் கட்டுப்படாத பிரஷரும். மெட்ஃபார்மின் உடைபடாமல் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது உடம்பில் தேங்கும் என்பதால் மருத்துவர் அளவைக் குறைப்பார், ஒரு கட்டத்தில் நிறுத்துவார். அதைப் பார்த்தவர்கள் "கிட்னி போனதும் நிறுத்திட்டாங்க, அப்போ அதுதான் காரணம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தத் தவறான முடிவால் மாத்திரையை விட்டு, நிஜமாகவே சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

அதற்காகச் சித்த மருந்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிறுகுறிஞ்சான் இலை ஒன்றைப் பறித்து நன்றாக மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டுப் பாருங்கள். மணலைப் போட்டதுபோல இருக்கும், இனிப்பே தெரியாது. அதில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரும் இடங்களைச் சிறிது நேரம் அடைத்துவிடுகின்றன. நாக்கில் நடப்பது ரத்தத்தில் நடப்பதற்குச் சான்றாகாது என்றாலும், 1990-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் செடியின் சாரத்தை இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேருக்கு, அவர்கள் சாப்பிட்டு வந்த மாத்திரையோடு சேர்த்து, 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, பலருக்கு மாத்திரை அளவும் குறைந்தது, 5 பேர் மாத்திரையையே விட முடிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் ஆய்வு சிறியது. யாருக்கு எது கிடைக்கிறது என்பதை மறைத்து, குலுக்கலில் பிரித்து நடத்தியதல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள்: அது மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டதல்ல, மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. இந்த ஆய்வைக் காட்டி "மாத்திரையை விடுங்கள்" என்று சொல்பவர் அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆவாரைக் குடிநீருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை என்று ஏழு சரக்கு சேரும் மருந்து அது. இதில் கடலழிஞ்சிலில் இருக்கும் சலாசினால் என்ற பொருள், மாவுச்சத்தைக் குடலில் சர்க்கரையாக உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. நாங்கள் கடையில் விற்கும் வோக்ளிபோஸ் மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆனாலும் இந்த மருந்துகளுக்கு இல்லாதது அந்த இருபது வருடக் கணக்கு. கண் நரம்பைக் காப்பாற்றுமா, மாரடைப்பைத் தள்ளிப்போடுமா என்பதற்குப் பெரிய, நீண்ட ஆய்வு ஒன்றும் இல்லை. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பது நம் ஊர்ப் பழமொழி, எனக்கும் பிடித்த பழமொழி. அதை நம்பி ஒருவர் தன் கண்பார்வையைப் பணயம் வைக்கக் கூடாது.

இந்த வழிக்கு ஒரு சிறிய இடம் உண்டு. இப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது, ஹெச்பிஏ1சி 6.5-ஐ ஒட்டி இருக்கிறது, எடை குறைக்க வாய்ப்பிருக்கிறது, வேறு பாதிப்பு எதுவும் இல்லை என்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மூன்று மாதம் உணவு, நடை, சித்த மருந்து என்று பார்த்துவிட்டு மறுபடி பரிசோதிக்கலாம். குறையவில்லை என்றால் மாத்திரை. அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

"சர்க்கரை நோயை வேரோடு ஒழிப்போம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர்களுக்கு ஒரு சட்டத் தகவல். 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். நேர்மையான சித்த மருத்துவர் அப்படி விளம்பரம் செய்ய மாட்டார்.

யாரிடமும் சொல்லாமல் இரண்டும்

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்கும்போது "இல்ல டாக்டர்" என்று வரும் பதிலில் இந்த வழி தொடங்குகிறது. ஏன் மறைக்கிறார்கள் என்பதைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டு வரிசையில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவர் மறுமுறை சொல்ல மாட்டார். அங்கே சித்த மருத்துவரிடம் "இங்கிலீஷ் மருந்தும் சாப்பிடுறேன்" என்று சொல்லவும் கூச்சம். மூலிகை என்பது மருந்துக் கணக்கிலேயே சேராது என்று நிஜமாக நினைப்பவர்களும் நிறைய.

மறைத்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

முதல் ஆபத்து தாழ்சர்க்கரை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. அவற்றோடு பாகற்காய்ச் சாறும் சிறுகுறிஞ்சானும் தினமும் சேர்ந்தால் சர்க்கரை தேவைக்குமேல் இறங்கலாம். 1979-லேயே லான்செட் இதழில், குளோர்புரோபமைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவந்த ஒரு பெண் பாகற்காய் சேர்ந்த கறி சாப்பிட்டதில் சர்க்கரை வழக்கத்தைவிட இறங்கியதை எழுதியிருந்தார்கள். வாரம் ஒருநாள் பாகற்காய்ப் பொரியல் சாப்பிடுவதைப் பற்றிப் பேசவில்லை, தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாறு குடிப்பதைப் பற்றிப் பேசுகிறேன். வேர்வை, படபடப்பு, கை நடுக்கம், குழப்பம் வந்தால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். வோக்ளிபோஸ் சாப்பிடுபவர்களுக்கு இங்கே ஒரு முக்கியமான விஷயம்: அந்த நேரத்தில் வீட்டுச் சர்க்கரை உடனே உதவாது, ஏனென்றால் அதை உடைக்கும் நொதியைத்தான் மருந்து தடுத்து வைத்திருக்கிறது. குளுக்கோஸ் பவுடர் கொடுக்க வேண்டும். கடலழிஞ்சில் சேர்ந்த குடிநீரும் கூடவே போகிறது என்றால் இன்னும் கவனம்.

இரண்டாவது, மிளகும் திப்பிலியும். நாம் மருந்துக் கணக்கிலேயே சேர்க்காத இவற்றில் பைப்பரின் இருக்கிறது. குடலிலும் கல்லீரலிலும் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகளை அது தடுக்கிறது. 1998-இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததும் மஞ்சளின் குர்குமின் உடம்பில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. மஞ்சளுக்கு இது நல்லதாகத் தோன்றும். அதே வேலையை வலிப்பு மாத்திரையான பினைட்டாயினுக்கும், பிரஷர் மாத்திரையான புரோப்ரனலோலுக்கும், வீசிங் மருந்தான தியோஃபிலினுக்கும் அது செய்கிறது. அளவு கூடினால் நச்சாகும் மருந்துகளும் இவற்றில் உண்டு. ரசத்தில் போடும் மிளகு பிரச்சினை இல்லை. வேளைக்கு வேளை தேனில் குழைத்துச் சாப்பிடும் திரிகடுகுச் சூரணமும், மிளகுச் சாரம் சேர்த்த மஞ்சள் கேப்சூலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை.

சர்க்கரையோடு பிரஷரும் இருப்பவர்கள் அதிமதுரத்தைக் கவனிக்க வேண்டும். இருமலுக்கென்று வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் நாள்கணக்கில் போனால் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் டிஜாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுபவருக்கும் பொட்டாசியம் குறைவது இதயத் துடிப்பையே குலைக்கும். பிரஷர் ஏன் ஏறுகிறது என்று தெரியாத மருத்துவர் இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்ப்பார்.

இதைத்தான் நான் பெரிய கெடுதலாகப் பார்க்கிறேன். மறைத்தால் இரண்டு மருத்துவர்களும் தவறான படத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். சீந்திலை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அளவில்லாமல் குடித்தார்கள். 2021-இல் மும்பை கல்லீரல் மருத்துவர்கள், சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அடுத்த வருடம் நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டன. சீந்தில் எல்லோருக்கும் கெடுதல் என்பதல்ல இதன் பொருள். ஆனால் ஒருவருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறி, அவர் சீந்திலைச் சொல்லாமல் மறைத்தால், மருத்துவர் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துவார். நிறுத்த வேண்டியது வீட்டில் தொடரும், தொடர வேண்டியது நின்றுபோகும்.

குடிநீர் காய்ச்சுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பொதுவான முறை 5 கிராம் சூரணத்தை 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாக வற்றவைத்து வடிப்பது. வீட்டில் நடப்பது வேறு. ஒருநாள் ஒரு ஸ்பூன், ஒருநாள் குவித்த ஸ்பூன். ஒருநாள் அடுப்பைச் சிறிதாக வைத்து நன்றாக வற்றும், அவசரமான நாளில் ஒரு கொதியோடு இறக்கிவிடுவார்கள். காலையில் காய்ச்சியதையே சூடுபண்ணி மறுநாளும் குடிப்பவர்கள் உண்டு. மாத்திரையின் அளவு நாள்தோறும் ஒன்று, குடிநீரின் அளவு நாள்தோறும் வேறு. குளுக்கோமீட்டரில் எண் ஏறி இறங்குவதற்கு இதுவும் காரணமாகலாம். காய்ச்சுகிறவர் சமையலறையில் ஒரு அளவு டம்ளரை இதற்கென்றே வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இதைவிடப் பயப்பட வேண்டியது லேபிள் இல்லாத பொட்டலம். கூரியரில் வரும் மூட்டுவலிப் பொடி இரண்டே நாளில் வலியை நிறுத்தினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். "சாப்பாட்டுல ஒண்ணும் மாத்தல, ஆனா ஷுகர் 300" என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பொடியைப் பற்றித்தான். அப்படிப்பட்ட பொடியைப் பல மாதம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதையே மறந்திருக்கும், மயங்கி விழுந்துவிடுவார். நேராக மருத்துவரிடம் பொட்டலத்தோடு போக வேண்டும். மறுபக்கம், சிங்கப்பூரில் 2008-இல் ஆண்மை மருந்து என்று விற்கப்பட்ட சட்டவிரோதப் பொருட்களில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. சர்க்கரை நோயே இல்லாத நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தாழ்சர்க்கரையோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள்.

இருவருக்கும் தெரிந்து இரண்டும்

இது புதிய யோசனை அல்ல. சென்னை மாகாண அரசு 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் நம் மருத்துவ முறைகளைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1925-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. கேப்டன் ஜி. ஸ்ரீநிவாசமூர்த்தி அதன் தலைவர். சித்தம், ஆயுர்வேதம், யுனானியோடு மேற்கத்திய மருத்துவப் பாடங்களும் அங்கே சேர்த்தே கற்பிக்கப்பட்டன. பிறகு கல்லூரியாக வளர்ந்த அந்த இடத்தில்தான் 1960-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி முழு ஆங்கில மருத்துவக் கல்லூரியாக வந்தது. இரண்டும் தெரிந்த ஒரே மருத்துவர் என்ற எண்ணம் அத்தோடு நின்றது. இன்று அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது. ஆனால் கட்டிடம் வேறு, சீட்டு வேறு. இரண்டையும் இணைக்கும் வேலை நோயாளியின் தலையில் விழுகிறது.

சரியாகச் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு டிபி மருந்து ஓர் எடுத்துக்காட்டு. ரிஃபாம்பிசின் வழக்கமாக 450 மில்லிகிராம் தேவைப்படும். ஜம்முவில் உள்ள மத்திய அரசு ஆய்வகம் ஒரு மருந்து நிறுவனத்தோடு சேர்ந்து, அதோடு 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து, ரிஃபாம்பிசினை 200 மில்லிகிராமாகக் குறைத்த ஒரு மருந்தை உருவாக்கி 2009-இல் அனுமதி பெற்றது. வலிப்பு மாத்திரையோடு தெரியாமல் சேர்ந்தால் ஆபத்தாகும் அதே திப்பிலிப் பொருள், அளந்து சேர்த்தால் மருந்தின் அளவைப் பாதிக்கு மேல் குறைக்கிறது.

சர்க்கரைக்கு இந்த வழியில் போக விரும்புகிறவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சித்த மருந்து தொடங்குவதற்கு முன்னால் ஹெச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது மாறினால் ஒப்பிட இதைவிட்டால் வேறு வழி இல்லை. போகும் சித்த மருத்துவர் பிஎஸ்எம்எஸ் படித்துப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பாளையங்கோட்டை, அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனை, 2005-இல் திறந்த தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் இது பற்றிய கவலையே வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் அங்கேயே பார்ப்பார்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்தைத்தான் சேர்க்க வேண்டும். ஆவாரைக் குடிநீரும் சிறுகுறிஞ்சானும் வெந்தயப் பொடியும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் மூன்று வாரம் காலை வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எண் நன்றாகக் குறைந்தால் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியது மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர். நீங்களும் அல்ல, சித்த மருத்துவரும் அல்ல, கடைக்காரனான நானும் அல்ல. மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி அசையவே இல்லை என்றால் அந்தச் சித்த மருந்தைச் சர்க்கரைக்காகத் தொடர்வதில் பயன் இல்லை, செலவும் அலைச்சலும்தான் மிச்சம்.

பெட்டியின் மேல் மூலப்பொருள் பட்டியல், தயாரிப்பு உரிம எண், காலாவதி தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு நிறுவனமான டாம்ப்கால், கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸ் போன்றவற்றின் மருந்துகளில் இவை இருக்கும். லேகியம் என்றால் அதில் வெல்லமோ கற்கண்டோ எவ்வளவு என்று கேளுங்கள். எலும்புக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது என்று தினமும் இரண்டு ஸ்பூன் லேகியம் சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை இறங்கவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு.

உலோகங்களைப் புடம் போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் என்று வரும்போது நான் இன்னும் கடுமையாக இருப்பேன். 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. முறையாகச் சுத்தி செய்து முடித்தவை பாதுகாப்பானவை என்று சித்த மருத்துவர்கள் சொல்வார்கள். முறையாகச் செய்யப்பட்டதா என்று வாங்குகிறவரால் கண்டுபிடிக்க முடியாது. சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்தவர், கிரியாட்டினின் ஏறியவர் உலோகம் சேர்ந்த எதையும் தொட வேண்டாம். ஆடுதீண்டாப்பாளையையும் தொட வேண்டாம். அதன் குடும்பச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்குகிறது. பெல்ஜியத்தில் எடை குறைக்கும் சிகிச்சைக்குப் போன பெண்கள் பலரின் சிறுநீரகம் செயலிழந்ததிலிருந்துதான் 1993-இல் இது உலகத்துக்குத் தெரியவந்தது.

ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டால், இரண்டு வாரத்துக்கு முன்பே மூலிகை மருந்துகளை நிறுத்துவது பொதுவான அறிவுரை. மயக்க மருந்து கொடுப்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த வழியின் செலவு பணம் அல்ல, நேரம். இரண்டு ஓபி, இரண்டு வரிசை, ஒருநாள் கூலி போகும். ஆங்கில மருத்துவர் கேட்டவுடன் கோபப்படலாம். அப்போது "சாப்பிடலாமா?" என்று கேட்காமல் "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், பேர் இது, உங்க மருந்தோட ஒத்துக்குமான்னு பாருங்க" என்று பெட்டியைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது. பெட்டி மேசைமேல் இருக்கும்போது பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சித்த மருத்துவர் முதல் நாளே மாத்திரையை நிறுத்தச் சொன்னால், வேறு சித்த மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரை அல்லாத சில

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் முதல் வைத்தியம். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட்டில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது: ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேரில் 22 பேருக்கு கீழாநெல்லி கொடுத்தபின் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகும், கீழாநெல்லிக்குப் பெயர் கிடைக்கும். ஹெபடைடிஸ் பி இருப்பவர் அதை நம்பி மாத்திரையை விட்டால் கல்லீரல் திடீரென்று மோசமாகலாம்.

வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், மாற்று உறுப்புக்கான மாத்திரை, கீமோதெரபி: இந்த நான்கில் ஒன்றில் இருப்பவர்கள் உள்ளுக்குச் சாப்பிடும் எதையும் தாங்களாகச் சேர்க்க வேண்டாம். சங்குபுஷ்பி கலந்த ஒரு மருந்து பினைட்டாயின் அளவைக் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பைத் திரும்பக் கொண்டுவந்ததை மும்பை மருத்துவர்கள் தொண்ணூறுகளிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். மூட்டுவலிக்கு வெளியே தடவும் தைலம் என்றால் புண் இல்லாத தோலில் தாராளமாகத் தடவலாம்.

யாருக்கு எது

நாற்பது வயது, புதிதாகக் கண்டுபிடித்தது, ஹெச்பிஏ1சி எண் 6.5-ஐ ஒட்டி: மருத்துவருக்குத் தெரிந்து மூன்று மாதம் உணவு, நடையோடு சித்த மருந்து. எண் 8, மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறார், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, மலச்சிக்கலும் பாத எரிச்சலும் தொந்தரவு செய்கிறது: நான்காவது வழி இவருக்குத்தான் மிகவும் பொருந்தும், அலைச்சலுக்குப் பலனும் கிடைக்கும். எண் 10-க்கு மேல், எடை தானாகக் குறைகிறது, தாகம் அடங்கவில்லை: முதலில் ஆங்கில மருத்துவம் மட்டும், சில நேரம் இன்சுலின்; சித்த மருந்தைப் பற்றி எண் இறங்கியபின் பேசலாம். கிரியாட்டினின் ஏறியவர்: மாத்திரை மட்டும், சிறுநீரக மருத்துவர் சொன்னபடி.

எழுபது வயதைத் தாண்டி, தனியாக வசித்து, கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரையைக் குறைக்கும் எந்த மூலிகையையும் நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன். இரவில் தாழ்சர்க்கரை வந்தால் எழுப்பிக் குளுக்கோஸ் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. பிள்ளைகள் வெளியூரிலிருந்து அன்போடு அனுப்பும் சூரண டப்பா அந்த வீட்டு அலமாரியில் இருந்தால், அடுத்த முறை பேசும்போது அதைத் திறக்க வேண்டாம் என்று பிள்ளைகளே சொல்லிவிடட்டும்.